மறுமொழி: கீரை வாடி வருகிறது, முன்பணம் கட்டலாமா?

வணக்கம். தாம்பரத்தில் தாங்கள் வாங்கும் வாரக் காய்கறிப் பெட்டியில் கீரை வாடி வருவதாகவும், ‘செங்கல்பட்டுப் பண்ணை விளைச்சல்’ என்ற பெயரில் கேரட்டும் இருப்பதாகவும் எழுதி, மூன்று மாத முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

கேரட் பெரும்பாலும் நீலகிரி போன்ற குளிர்ந்த பகுதிகளிலிருந்து வருவது. அதை விற்பதில் தவறில்லை, ஆனால் உள்ளூர் விளைச்சல் என்று சொல்வதுதான் பொருந்தவில்லை. ஆகவே, ஒவ்வொரு காயும் எந்த ஊரிலிருந்து, எந்த நாளில் பறித்து வந்தது என்று எழுதிக் கேளுங்கள்.

கீரையைப் பொறுத்தவரை, நானும் ஓராண்டாக இத்தகைய பெட்டி வாங்குபவன் என்பதால் ஒன்றைச் சொல்ல முடியும்: வேரோடு பிடுங்கி, ஈரத் துணியில் சுற்றி அனுப்பும் சிறுகீரை மாலை வரை நிமிர்ந்து நிற்கிறது, அதையே தண்ணீர் சொட்டச் சொட்டப் பாலித்தீன் பையில் கட்டினால், பிரிக்கும்போதே அடியிலைகள் கறுத்துக் குழைந்து விரலில் ஒட்டுகின்றன. காலையிலேயே தருமாறும், பையைத் தவிர்க்குமாறும் கேட்டுப் பாருங்கள். ஐப்பசி மழையில் மட்டும் சற்றுப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்நாட்களில் முருங்கை காய்ப்பது குறைவு என்பதால், முருங்கைக்காய் பெட்டியில் இல்லையென்றால் அதை நான் நேர்மையின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன்.

விலையை அருகிலுள்ள உழவர் சந்தையின் விலைப்பலகையோடு ஒப்பிட்டுவிட்டு, மேலும் நான்கு வாரம் வாரக் கணக்கிலேயே பணம் கொடுத்து வாங்குங்கள்.