அமெரிக்கப் பங்கு ஈவுத்தொகையில் பிடித்த வரி இங்கே கழியுமா?

கேள்வி: கைப்பேசிச் செயலி வழியாக வாங்கிய அமெரிக்கப் பங்குகளுக்கு 2025-26 நிதியாண்டில் 100 டாலர் ஈவுத்தொகை அறிவித்தார்கள், கணக்கில் 75 டாலர்தான் வந்தது. பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் பெறும் என் மாமனார், அங்கே வரி பிடித்துவிட்டால் இங்கே கட்ட வேண்டியதில்லை என்கிறார். சரியா? நான் சம்பளக்காரன்.
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் மாமனார் சொல்வது அவரளவில் சரியாக இருக்கலாம். அரசுப் பணிக்கான ஓய்வூதியத்துக்கு 1992-இல் கையெழுத்தான இந்திய-பிரான்சு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் தனி விதி உண்டு. உங்களுக்குப் பொருந்துவதோ 1989-இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க ஒப்பந்தம். அதன்படி ஈவுத்தொகையில் 25 சதவீதம் வரை அமெரிக்கா பிடிக்கலாம். இந்தியாவும் வரி விதிக்கலாம். அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ள இந்தியா இடம் தரும்.

ஆனால் முழுதும் கழியும் என்று நம்பிவிடாதீர்கள். முதலில், வருமானமாகக் காட்ட வேண்டியது கைக்கு வந்த 75 டாலர் அன்று, 100 டாலர். அந்த 100 டாலருக்கு இங்கே விழும் வரி, அங்கே பிடித்த வரி ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கழிவு. ஆடிட்டர்கள் இதைப் பெரும்பாலும் சராசரி வரி விகிதத்தில், அதாவது மொத்த வருமானத்தில் மொத்த வரி எத்தனை சதவீதமோ அந்த அளவில், கணக்கிடுகிறார்கள். உங்கள் சராசரி 15 சதவீதம் என்றால் 15 டாலர்தான் கழியும். மீதி 10 டாலரை இரு அரசுகளும் திருப்பித் தராது, அடுத்த ஆண்டுக்கும் எடுத்துச் செல்ல முடியாது. புதிய வரி முறையின் தள்ளுபடியால் உங்கள் வரியே பூச்சியமானால் 25 டாலரும் போனதுதான். அமெரிக்கப் பங்கு வைத்திருக்கும் நடுத்தரச் சம்பளக்காரர் பலரைத் தொடும் இந்த இழப்பைச் செயலிகள் விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதிக ஈவுத்தொகை தரும் பங்கைத் தேடி வாங்குபவர்கள் இதையும் செலவாகச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பங்கை விற்றுவரும் லாபத்துக்கு, இங்கே வசிக்கும் உங்களைப் போன்றவரிடம் அமெரிக்கா பொதுவாக வரி பிடிப்பதில்லை. அதற்கு இந்திய வரி மட்டுமே.

நீங்கள் அமெரிக்காவில் வசிப்பவர் அல்லர் என்று உறுதி சொல்ல, கணக்கு தொடங்கும்போது கேட்ட டபிள்யூ-8பிஇஎன் (W-8BEN) படிவம் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் 30 சதவீதம் பிடிப்பார்கள். ஒப்பந்த அளவான 25-க்கு மேற்பட்டது இங்கே கழிவுக்கு வராது.

கழிவு பெற, வருமான வரி இணையதளத்தில் படிவம் 67-ஐ, பிடித்தம் தெரியும் கணக்கு அறிக்கையுடன் தாக்கல் செய்யுங்கள். மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடியும் வரை அவகாசம் உண்டு என்றாலும் கணக்குத் தாக்கலுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. டாலரை ரூபாயாக்க, ஈவுத்தொகை வந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் வங்கி டி.டி. (TT, தந்திவழிப் பணமாற்று) வாங்கும் விகிதத்தை எடுங்கள்.

வெளிநாட்டுப் பங்கு வைத்திருப்பவர் கணக்குத் தாக்கலுக்கு ஐடிஆர்-1 படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது, உங்களுக்கு ஐடிஆர்-2. அதில் ஈவுத்தொகையை நிதியாண்டுக் கணக்கிலும், பங்குகளை எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்து) அட்டவணையில் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கிலும் காட்ட வேண்டும். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்க இடமுண்டு. அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் அந்தத் தண்டம் இல்லை. காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கும் உண்டு.