காப்பி ஏன் கருகின ரப்பர் மாதிரி மணக்கிறது?

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் சளிக் காய்ச்சல் வந்து வாசனையே தெரியாமல் போனது. இப்போது திரும்புகிறது; ஆனால் காப்பி கருகின ரப்பர் மாதிரி, வெங்காயம் வதக்கினால் சாக்கடை மாதிரி இருக்கிறது. விரலி மஞ்சளிலும் புகை நாற்றம். மூளையில் கோளாறுங்களா டாக்டர்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிக்கல் பெரும்பாலும் மூளையில் இல்லை, மூக்கின் கூரையில். மணத்தைப் பிடிக்கும் நரம்புச் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. மனிதருக்குச் சுமார் 400 வகை மண ஏற்பிகள், அதாவது மணப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், உண்டு. ஒரு செல்லுக்குப் பொதுவாக ஒரே வகை. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

ஒரே வகைச் செல்களின் இழைகள் எல்லாம், சல்லடை போன்ற எலும்பு வழியாக ஏறி, மூளையின் அடியில் உள்ள முகர்வுக் குமிழில் அந்த வகைக்கென்று உள்ள முடிச்சுகளில் சேரும். உங்கள் மண்டியில் விரலி தனி, கிழங்கு தனி என்று குவிப்பார்களே, அப்படி. எந்தெந்த முடிச்சுகள் சேர்ந்து தூண்டப்படுகின்றன என்பதை வைத்துத்தான் மூளை ‘இது காப்பி’ என்கிறது. காப்பி மணத்தில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள். கிருமி தாக்கிய செல்கள் மறுபடி முளைக்கும்போது சில இழைகள் இன்னும் வந்து சேராமல் இருக்கலாம், சில வேறு முடிச்சில் போய் ஒட்டலாம். அதனால்தான் மணம் திரிகிறது என்று கருதுகிறோம். இதை நரம்பு துளிர்ப்பதன் அடையாளமாகவே பெரும்பாலும் பார்க்கிறோம்.

குமிழிலிருந்து போகும் செய்தி, பார்ப்பதும் கேட்பதும் வழியில் தங்கிப் போகும் தாலமஸ் என்ற மூளையின் நடுப்பகுதியில் தங்காமல், மணத்துக்கான புறணிக்கும் (மூளையின் மேலடுக்கு) உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நேராகப் போகிறது. யோசிப்பதற்குள் குமட்டுவது அதனாலும் இருக்கலாம். குமிழில் இருக்கும் ஒழுங்கான வரைபடம் புறணியில் கிடையாது. இழைகள் அங்கே சிதறிப் பரவுகின்றன. எது என்ன மணம் என்பதைப் பழக்கம்தான் கற்றுத் தருகிறது.

ஆகவே பயிற்சி செய்யுங்கள். ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் குழு 2009இல் வெளியிட்ட முறை: ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சை, கிராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் பத்து விநாடி, மனசை வைத்து முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். மூக்குக்குள் சொட்டு விடாதீர்கள். தைலத்தின் நெடி ஏறினால் மணம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அந்த எரிச்சல் வேறு நரம்பின் வேலை. ஐந்தாவதாக மஞ்சளையும் சேர்த்துக்கொள்ளலாம், உங்கள் பிழைப்பே அதுதானே.

அதுவரை வறுத்தது, வதக்கியது வேண்டாம். ஆறின கம்மஞ்சோறும் மோரும் இறங்கும். சிலிண்டர் கசிந்தால் தெரியாது, வீட்டில் வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்தாலோ, ரத்தம் வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.