அண்ணன் வாங்கிய தண்டவாள வண்டி

கேள்வி: மின்னசோட்டாவில் இருக்கும் என் அண்ணன், அங்கே ரயில் பாதை பார்க்கிறவர்கள் ஓட்டிய பழைய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கி கராஜில் போட்டிருக்கிறார். ஃபேர்மான்ட் எம்-19 என்று பெயராம். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு சரிபண்ணப் போகிறாராம். எஞ்சின்தான் முதலில் என்கிறார் அண்ணன், பெயின்ட் என்கிறார் அண்ணி. நீங்கள் ரயில்வேயில் இருந்தவர், யார் சொல்வது சரி? இதை எங்கே ஓட்டுவது?
- வாசகி, விருதுநகர்

பதில்: ரெண்டு பேர் சொல்வதும் வேண்டாம். பிரேக்கில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

பாதைப் பிரிவில் நான் போய் வந்தது தள்ளு டிராலியில். டிராலிமேன்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளுவார்கள், வேகம் பிடித்ததும் தொற்றிக்கொள்வார்கள். அண்ணன் வாங்கியதும் அந்தச் சாதிதான். தள்ள ஆளுக்குப் பதில் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஒரு பெல்ட். அவர் இருக்கும் மாநிலத்தில் ஃபேர்மான்ட் என்ற ஊரிலேயே செய்த வண்டி. நம் அகலப்பாதையில் ரெண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மில்லிமீட்டர், அங்கே 1435. ஆகவே இங்கே கொண்டுவந்து ஓட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள்!

ஒஹையோவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது இதே எம்-19 ஒன்றில் கை வைத்தோம். விற்றவர் "ஓடுகிற வண்டி" என்றுதான் கொடுத்தார். சைலென்சரைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு. அதுகூடப் பரவாயில்லை. பிரேக் லிவரை இழுத்தால் மூன்று சக்கரம் பிடிக்கிறது, நான்காவது சும்மா சுற்றுகிறது. பேரன் டார்ச்சோடு அடியில் படுத்துக் கண்டுபிடித்தான்: பிரேக் கம்பியைக் கோர்க்கும் ஆணி பாதியாகத் தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. எஞ்சினை முதலில் கிளப்பியிருந்தால் அன்றைக்கே தண்டவாளத்தில் ஏற்றி ஓட்டிப் பார்த்திருப்பார்கள்.

அடுத்தது சக்கரம். இது அழுத்தி வளைத்த எஃகுத் தகடு; போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் விடும். நம் ஒர்க்ஷாப் வழியே போதும். மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து கோடு காட்டிக் கொடுக்கும். பேத்தி வேலை அது. மூன்று டப்பா சாக்பீஸ் காலி.

சக்கரத்தைக் கழற்றும்போது மின்சாரம் கடத்தாத இன்சுலேஷன் துண்டுகள் வரும். அழுக்கு என்று குப்பையில் போட்டுவிட வேண்டாம். சக்கரமும் அச்சும் வழியாக ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதுக்கு மின்சாரம் பாய்ந்துவிட்டால் சிக்னல் ரயில் வந்ததாக நினைத்துக்கொள்ளும். அது நடக்காமல் இருக்கத்தான் அந்தத் துண்டு. அதனாலேயே இந்த வண்டிக்காக லெவல் கிராசிங் கேட் தானாக இறங்காது. ஒருவர் இறங்கிக் கொடி காட்டித்தான் சாலையைக் கடக்க வேண்டும்.

எஞ்சினுக்கு இப்போது வரலாம். அம்பாசிடர் காலத்து ஆட்களுக்குத் தெரியும், எஞ்சினைக் கிளப்ப ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் போய்விடும். பிள்ளைகள் கையில் ஹேண்டிலைக் கொடுக்கும் முன் இதைக் காட்டச் சொல்லுங்கள். இந்த எஞ்சின் ரெண்டு பக்கமும் சுற்றும். பின்னால் போக, நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கமாகக் கிளப்புவார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த வித்தை.

அண்ணியின் பெயின்ட் கடைசியில். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி உப்புத்தாள் தேய்க்க வேண்டாம், நனைத்துச் சுரண்டட்டும், அந்த நேரம் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

ஓட்டுவது? புல் முளைத்துக் கிடக்கிற பாதைக்கும் சொந்தக்காரன் இருப்பான், கேட்காமல் ஏறினால் அத்துமீறல். இதற்கென்றே நார்க்கோவா என்று ஒரு சங்கம் இருக்கிறது. விதிகளில் பரீட்சை எழுதித் தேறி, காப்பீடு எடுத்து, ரயில் கம்பெனி அனுமதித்த நாளில் வரிசையாகப் போவார்கள்.

சாக்பீஸில் கோடு தெரிந்தால் படம் அனுப்பச் சொல்லுங்கள். வெல்டு வைத்து ஒப்பேற்றுகிற யோசனை இருந்தால், அதற்கு முன்பே.