லண்டன் ஹீத்ரோ விமான நிலைய வாசலில் இறக்கியதற்கு 80 பவுண்ஸ் தண்டம்: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவை டெர்மினல் வாசலில் இறக்கினேன். இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. 80 பவுண்ஸ் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. எப்படி மறுப்பது, அண்ணை?

கொஞ்ச நேரம்தான் நின்றீர்கள் என்பது இங்கே பேச்சே இல்லை. வாசலில் இறக்குவதற்கே ஒரு கட்டணம் உண்டு. 2021 நவம்பரில் 5 பவுண்ஸாகத் தொடங்கியது, பிறகு ஏறிவிட்டது. தடுப்புக் கதவு கிடையாது, கமரா இலக்கத் தகட்டைப் படித்துக்கொள்ளும். மறுநாள் நள்ளிரவுக்குள் நாமாகவே கட்டவேண்டும். மறந்தால் 80. பதினான்கு நாளுக்குள் கட்டினால் 40.

கடிதத்தை அனுப்பியது யார் என்று முதலில் பாருங்கள். பொலிஸ் என்றால் ஓட்டியவர் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். 1988 வீதிப் போக்குவரத்துச் சட்டம் 172ஆம் பிரிவு, சொல்லாவிட்டால் 6 புள்ளி. ஹீத்ரோ வாசல் கடிதம் தனியார் நிறுவனத்தினுடையது. அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஓட்டியவர் தெரியாதபோது, கார் யார் பெயரில் பதிவோ அவரிடம் பணம் கேட்க 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி விடுகிறது. ஆனால் துணைவிதிகளுக்கு (byelaws, அந்த இடத்துக்கென்றே உள்ள சட்டவிதிகள்) உட்பட்ட விமான நிலைய நிலத்துக்கு அது பொருந்தாது என்பதுதான் உங்கள் வாதம். 'வாகனம் என் பெயரில் பதிவானது' என்று எழுதுங்கள். 'நான் இறக்கினேன்' என்று எழுதாதீர்கள், எழுதினால் ஓட்டியவர் யாரென்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பொய்யும் எழுதவேண்டாம். 28 நாளுக்குள் அனுப்புங்கள். நிறுவனம் மறுத்தால் பொப்லாவுக்கு (POPLA, தனியார் பார்க்கிங் தண்டங்களுக்கான மேன்முறையீட்டு அமைப்பு) போகலாம். செலவில்லை, ஆனால் அங்கே தோற்றால் 40 பவுண்ஸ் சலுகை போய்விடும்.

கேள்வி: கட்டினேன். ஆனால் இலக்கத்தில் ஓ எழுத்துக்குப் பதில் பூச்சியம் அடித்துவிட்டேன்.

வங்கிப் பதிவோடு அனுப்புங்கள். இதற்கு ரத்துச் செய்வார்கள்.

கேள்வி: மூன்று நிமிடம்தான் நின்றேன்...

முதல் பதில்.

கேள்வி: ஏன் இவ்வளவு பாடு? கிழித்துக் குப்பையில் போடுங்கள். என் மச்சான் அப்படித்தான் செய்தார், ஒன்றும் நடக்கவில்லை.

மச்சானுக்கு அதிர்ஷ்டம். வழக்குப் போட அவர்களுக்கு ஆறு வருடம் இருக்கிறது. வசூல் நிறுவனக் கடிதங்களை நீங்கள் பொருட்படுத்தாமல் விடலாம், வீட்டுக்கு வந்து பொருள் தூக்க அவர்களால் முடியாது. நீதிமன்றக் கடிதம் வேறு. அதற்குப் பதில் போடாவிட்டால் தீர்ப்பு உங்களுக்கு எதிராகத் தானாக விழும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருடம் கடன் பதிவில் நிற்கும். அப்புறம் வீட்டுக்கடன் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பொப்லாவும் அவர்களின் ஆட்கள்தானே?

பார்க்கிங் துறையின் காசில்தான் நடக்கிறது, உண்மை. ஆனால் அதன் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. தோற்றாலும் நீதிமன்றத்தில் வாதாடலாம். குப்பைத் தொட்டியில் அந்த வசதி இல்லை.

கேள்வி: ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பிட அட்டை) இருந்தால்?

கட்டணம் இல்லை. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும்.

கேள்வி: கட்டுநாயக்காவில் பொலிஸ் பிடித்தால்?

கொழும்பில் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு நிமிடம்தான், பெட்டியைக்கூட...

தம்பி, மேலே வாசியுங்கள். இலவசமாக இறக்க வேண்டுமென்றால் நீண்டகாலத் தரிப்பிடத்துக்குப் போங்கள், அங்கிருந்து டெர்மினலுக்கு பஸ் இருக்கிறது.

கேள்வி: 'அவசரத்தில் நான்தான் ஓட்டிவந்தேன், மன்னிக்கவும்' என்று நேற்றே எழுதி அனுப்பிவிட்டேன்.

ஓட்டியவரைச் சொல்லாமல் வாதாடும் வழி அடைபட்டது. மருத்துவ அவசரம், கட்டிய ரசீது மாதிரி வேறு ஏதாவது கையில் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் பதினான்கு நாள் முடியமுன் 40ஐக் கட்டிவிடுங்கள்.