அடைப்புக்குறிக்குள் ஒரு செருப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோலாலம்பூர், செந்தூலிலிருந்து எழுதுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. இலக்கியம் குறித்து உங்களிடம் கேட்க என்னிடம் எதுவுமில்லை. சினிமா, பாட்டு, பந்து ஆகிய மூன்றைத் தவிர வேறு எதைப் பற்றியும் நான் அதிகம் பேசியதும் இல்லை. அண்மையில் ஒரு விருந்தில் என் தங்கை மகன் எல்லார் முன்னிலையிலும், “மாமா, உங்களுக்கு ஆடவும் தெரியாது, பாடவும் தெரியாது, பிறகு எதற்கு எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது.

என் கருத்துகள் இவைதான். இளையராஜாவோடு தமிழ்த் திரையிசை முடிந்துவிட்டது. ரகுமானுடையது இசையன்று, ஓசை. (எங்கள் வீட்டில் அண்ணன்தான் கேசட் வாங்குவார், நல்ல பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான்.) மலேசியத் தமிழர்களிடம் சொந்த இசை என்று எதுவும் இல்லை. இங்கே எடுக்கப்படும் தமிழ்ப் படங்களுக்கு நான் போவதில்லை, தரம் இருக்காது என்று தெரியும். ‘கபாலி’ நம் நாட்டுத் தமிழர்களைக் குண்டர்களாகக் காட்டிய படம், முடிவும் சப்பென்று இருந்தது. காற்பந்து என்றால் இங்கிலாந்து லீக்தான். லிவர்பூல் என் உயிர். மலேசியக் காற்பந்து செத்து முப்பது வருடமாகிறது, அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. (1980இல் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் நாம் தென் கொரியாவை வென்ற அன்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மெர்டேக்கா அரங்கத்துக்குப் போனார். ஆட்டம் எனக்கு நினைவில்லை. கூட்டத்தில் அப்பாவின் செருப்பு ஒன்று தொலைந்துபோய், ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார். அம்மா திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டே இருந்தார். அப்பாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது, காது மந்தம். அவ்வளவுதான்.)

என்னைப் போன்ற வெறும் ரசிகனின் கருத்துக்கு மதிப்பு ஏதும் உண்டா, அல்லது மருமகன் சொல்வதுதான் சரியா? பிறகு, அன்றைய கோல் காவலர் ஆறுமுகம்தானே?

அன்புடன்,
ம., செந்தூல்.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

வணக்கம். கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், அந்த அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம்தான். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடு முழுவதும் அழைக்கப்பட்டவர். 1988இல், நாற்பது வயதை எட்டும் முன்பே, ஒரு சாலை விபத்தில் போய்விட்டார்.

உங்கள் மருமகனுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஆடத் தெரிந்தவர்கள் மட்டுமே ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று ஒரு விதி வந்தால், மலேசியக் கிண்ண ஆட்டம் முடிந்த இரவுகளில் இங்கே பினாங்கில் நாசி கண்டார் கடைகளை நேரத்தோடு அடைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். பேசுகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதை நான் எடுத்துக் கொடுக்க வேண்டியதுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குள், அவனே அறியாமல், வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தக் கருத்துகளில் எவையெவை உங்களுடையவை?

உங்கள் கடிதத்தில் நீங்கள் வரிசையாக அடுக்கியிருக்கும் தீர்ப்புகளில் எதையும் நான் முதல்முறையாகக் கேட்கவில்லை. கல்யாண மண்டபங்களிலும், முடிதிருத்தும் கடைகளிலும், இழவு வீட்டு வாசலில் போடப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் உட்கார்ந்து, ஏறக்குறைய இதே சொற்களில் இவற்றைக் கேட்டிருக்கிறேன், சிலவற்றை நானே சொல்லியும் இருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவைத்து ‘அவ்வளவுதான்’ என்று நீங்கள் மூடிவிட்ட அந்தச் சில வரிகளை மட்டும் வேறு எவராலும் எழுதியிருக்க முடியாது.

பாட்டை எடுத்துக்கொள்வோம். ‘அன்னக்கிளி’ வந்தது 1976இல், ‘ரோஜா’ வந்தது 1992இல். உங்கள் வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால், ‘ரோஜா’ வந்தபோது நீங்கள் இருபதைத் தொடாத இளைஞர். ரகுமானைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களில் பெரும்பாலோர் உங்கள் வயதுக்காரர்கள்தாம். ராஜாவுக்காக அவர்களோடு மல்லுக்கு நின்றவர்கள் உங்களுக்கு ஏழெட்டு வயது மூத்தவர்கள். கேசட் வாங்கியவர் அண்ணன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேசட்டோடு சேர்த்து அண்ணனின் வழக்கும் உங்கள் கைக்கு வந்துவிட்டதோ என்று ஐயப்படுகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எம். எஸ். விசுவநாதனோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று என் தந்தையார் சொல்வார். நானும் இருபது வயதுவரை அதையே சொல்லித் திரிந்தேன். எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று ஒரு நாள் ஒருவர் திருப்பிக் கேட்டபோது வாயடைத்து நின்றேன். ரகுமான் வெறும் ஓசை என்று நீங்கள் கருதினால் எனக்கு மறுப்பில்லை. எந்தப் பாட்டு, எந்த இடத்தில் உங்களை வெளியே தள்ளியது என்பதை மட்டும் எழுதுங்கள். ராஜாவின் எந்தப் பாட்டில் வயலின்கள் உள்ளே நுழையும்போது செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், அதை அண்ணனிடமிருந்து வாங்கியிருக்க முடியாது.

மலேசியத் தமிழர்களிடம் சொந்த இசை இல்லை என்கிறீர்கள். இதில் உங்களோடு முற்றாக முரண்படுகிறேன். பினாங்கிலிருந்து கிளம்பிய ‘அலிகேட்ஸ்’ குழுவின் லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும், சுருண்டு உப்பிய முடியோடு மேடையேறி, மலாயில் பாடி, நாடெங்கும் உள்ள வீடுகளுக்குள் போனவர்கள். லோகநாதன் 2007இல் மறைந்தார். தமிழில் பாடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நம்முடைய கணக்கில் அவர்கள் விடுபட்டுப் போகிறார்கள்; மலாய் நண்பர்களோ அவர்களைத் தங்களுடையவர்களாகவே எண்ணுகிறார்கள். தமிழில்தான் வேண்டும் என்றால், ‘நிழல்கள்’ படத்துக்காக ராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து, 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பில் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிப் பாடிய யோகி பி, நட்சத்திரா குழுவினர் இருக்கிறார்கள். ‘நிழல்கள்’ வந்தது, உங்கள் தந்தையார் செருப்பைத் தொலைத்த அதே 1980இல். ராஜா பக்தரான உங்களுக்கு அந்த மறுபாடல் எரிச்சலூட்டியிருந்தால் அது நியாயமான எரிச்சல், அதைப் படிக்க விரும்புவேன். இல்லவே இல்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

‘கபாலி’யைப் பற்றி உங்களோடு பாதி உடன்படுகிறேன். முடிவு சப்பென்று இருந்தது என்கிறீர்களே, நீங்கள் பார்த்தது எந்த முடிவு என்று யோசித்தீர்களா? தமிழ்நாட்டில் துப்பாக்கிச் சத்தத்தோடு திரை இருண்டது. இங்கே நமக்குக் காட்டப்பட்டதில், கபாலி போலீசாரிடம் சரணடைந்தார் என்று எழுத்து வந்தது. சென்னை நண்பர் ஒருவரோடு அரை மணி நேரம் தொலைபேசியில் வாதாடிய பிறகுதான் நாங்கள் இருவரும் வெவ்வேறு முடிவுகளுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தோம் என்பது எனக்கே புரிந்தது. நம் ஆட்களைக் குண்டர்களாகக் காட்டியது உங்களுக்கு வலித்திருந்தால், 2015இல் வந்த, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ படத்தை நீங்கள் அவசியம் பார்த்திருக்க வேண்டும். கெட்ட என்று பொருள்படும் ‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல், நம் வாயில் விழுந்து மாறிய உருவமே அந்தத் தலைப்பு. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் 1990களின் தொடக்கத்தில் எப்படிக் குண்டர் கும்பல்களின் பக்கம் ஒதுங்கினார்கள் என்பதை ஒரு சிறுவன் நிற்கும் இடத்திலிருந்து காட்டிய படம் அது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில், மொழிவாரியாகப் பரிசுகளைப் பிரித்து வைத்ததற்கு எதிர்ப்பு கிளம்பி, அந்தப் பிரிவினை கைவிடப்பட்ட பிறகு, சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதை அதுதான் பெற்றது. தரம் இருக்காது என்று தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்காமல் எப்படித் தெரியும்? உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் இதுதான்.

இனிப் பந்து. லிவர்பூல் உயிர் என்று எழுதிவிட்டு, ஓர் ஆட்டத்தைக்கூட நீங்கள் குறிப்பிடவில்லை. 2005இல் இஸ்தான்புல்லில் ஏசி மிலானோடு நடந்த இறுதியாட்டம் நமக்கு மே 26 விடியலில் காட்டப்பட்டது. இடைவேளையில் மூன்று கோல் பின்தங்கியிருந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க அப்படியே உட்கார்ந்திருந்தீர்களா, போய்ப் படுத்துவிட்டீர்களா? அன்று இடைவேளையில் படுக்கப் போன லிவர்பூல் ரசிகர் ஒருவரைக்கூட மலேசியாவில் நான் இதுவரை சந்தித்ததில்லை. எல்லாரும் கடைசிவரை விழித்திருந்ததாகவே சத்தியம் செய்கிறார்கள்.

மலேசியக் காற்பந்து செத்து முப்பது வருடம் என்பது கணக்குப்படியும் தவறு. 2010 டிசம்பரில், கே. ராஜகோபால் பயிற்றுவித்த அணி, புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவுக்கு மூன்று கோல் போட்டு, ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும் கூட, தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அதற்காக டிசம்பர் 31 பொது விடுமுறை ஆனது. அந்த விடுமுறையை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள்.

ஆனாலும் உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு அவ்வளவாக இல்லை. அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரி 16ஆம் தேதி இரவு, பினாங்கு நகரின் பண்டாராயா அரங்கத்தில் பினாங்குக்கும் பகாங்குக்கும் ஆட்டம். ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டிலிருந்து அரங்கத்துக்குக் காரில் கால் மணி நேரம். நான் போகவில்லை. மறுநாள் விடியற்காலை மூன்றேமுக்காலுக்குப் பாரிசில் பிஎஸ்ஜியும் செல்சியும் மோதும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கடிகாரத்தில் மணி வைத்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தேன். இப்ராகிமோவிச் அடித்த ஃப்ரீ கிக் தடுப்பில் நின்ற ஒருவர்மீது பட்டுத் திசைமாறி உள்ளே போனது. ஆகா என்று கைதட்டினேன். காலையில் கைப்பேசியைத் திறந்தால், முந்தின இரவு நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, கால் மணி நேரத் தொலைவில், ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் வந்திருந்தது. யாரிலும் படாமலே, கோல் காவலர் ஒரு பக்கம் சாய்ந்த பிறகு மனத்தை மாற்றிக்கொண்டதுபோல் நடுவானில் மறுபக்கம் வளைந்து வலைக்குள் போன பந்து. அடுத்த ஆண்டு ஜனவரியில் சூரிச்சில் அதற்கு ஃபிஃபாவின் புஷ்காஸ் விருதைக் கொடுத்தார்கள். ஆண்டின் சிறந்த கோலுக்கான அந்த விருது ஓர் ஆசியருக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை. மேடையில் நின்று, எழுதி வைத்திருந்த உரையைக் கைப்பேசியில் அவர் தேடித் தேடித் தடுமாறியதையும் நான் திரையில்தான் பார்த்தேன். இன்றைக்கு யாராவது அந்தக் கோலைப் பற்றிக் கேட்டால், பினாங்குக்காரன் என்ற மிடுக்கோடு நானும் விளக்குகிறேன்; ஆனால் உலகத்தில் வேறு எவரும் பார்த்ததற்கு மேல் ஒரு துளியும் நான் பார்க்கவில்லை. அன்று அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து கச்சான் கொறித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர், பந்து வளைந்த கணத்தில் பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார் என்று சொன்னால், அவர் பேச்சை நான் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியவன்.

நீங்கள் அப்படிப்பட்டவர். 1980 ஆட்டத்தை மனத்தில் வைத்து, ஆட்டக்காரர்களின் பெயர்களை மாற்றி, 2016இல் ‘ஓலா போலா’ என்ற படம் வந்தது. அதிலும் கோல் காவலர் ஒரு தமிழர்தான், முத்து என்று பெயர். உங்கள் மருமகன் வயதுப் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் என்றால் அந்தப் படம்தான். 2-1 என்று வென்றோம், ஜேம்ஸ் வோங் வெற்றி கோலைப் போட்டார் என்பதெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை என்பதும் கிடைத்துவிடும். ஆகவே அந்த வெற்றியால் வந்தது என்று யாரும் எடுத்துக் காட்டக்கூடிய பொருள் எதுவும் மிஞ்சவில்லை. ஒரு தகப்பனார் ஒற்றைச் செருப்போடு செந்தூல்வரை வந்து, திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தது எந்தப் படத்திலும் எந்த ஆவணத்திலும் இல்லை.

உங்களிடம் எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. செருப்பு தொலைந்தது உள்ளே போகும்போதா, வெற்றி கோல் விழுந்து எல்லாரும் எழுந்து குதித்தபோதா, வெளியே வரும் நெரிசலிலா? உங்களைத் தோளில் வைத்துக்கொண்டு அவரால் குனிந்து தேட முடியவில்லையா, தேடவே தோன்றவில்லையா? மீதமிருந்த மற்றொரு செருப்பை என்ன செய்தார்? உங்கள் தந்தையாரின் காதருகே போய்ச் சற்று உரக்கக் கேளுங்கள். மருமகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதை, அடைப்புக்குறி போடாமல், எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து.