மீட்டரில் 96, நெஞ்சில் முட்டல்

சிஸ்டரைக் கேளுங்கள்

(தஞ்சை வட்டாரத்தில் 19 ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைக் கவனித்துக்கொண்ட செவிலியர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூச்சைப் பற்றியவை என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.)

சிஸ்டர், என் அப்பாவுக்கு 68 வயது. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் புற்றுநோய், நான்காம் கட்டம். கீமோ இனி வேண்டாம் என்று டாக்டரே நிறுத்திவிட்டார். கட்டிலில் இருந்து பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு "மூச்சு முட்டுதும்மா" என்கிறார். ஆக்சிஜன் அளக்கிற மீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தால் 96 காட்டுகிறது. "ரீடிங் நல்லாத்தானே இருக்கு, அவருக்குப் பயம்" என்கிறான் தம்பி. பக்கத்து வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

அப்பா பேச்சை.

அந்த மீட்டரை எடுத்து பீரோவுக்குள் வையுங்கள். டாக்டர் வந்து கேட்டால் வெளியே எடுக்கலாம். 2021 கொரோனாவில் நம் வீடுகளுக்குள் நுழைந்த சாமான் அது. அன்றைக்கு அது பல உயிரைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பது. அதை ஏற்ற உங்கள் அப்பாவின் விலாவும் கழுத்தும் எவ்வளவு பாடுபடுகின்றன என்று அதற்குத் தெரியாது. லாரியில் மூட்டைக் கணக்கு சரியாக இருக்கிறது, ஏற்றியவர் முதுகை யாரும் பார்க்கவில்லை என்கிற மாதிரி. மூளை கேட்கிற மூச்சுக்கும் நெஞ்சால் கொடுக்க முடிகிற மூச்சுக்கும் நடுவில் விழுகிற பள்ளம்தான் மூச்சுத் திணறல். 96 இருக்கும்போதும் அந்தப் பள்ளம் இருக்கும். வலியைப் போலத்தான் இதுவும், அனுபவிக்கிறவர் சொல்வதுதான் அளவு.

அடுத்தது, சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். "கேன்சர்தான் காரணம், வேறென்ன" என்று விட்டுவிடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். ஒரு பக்கமாகப் படுத்தால் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை என்றால் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். ஊசி போட்டு நீரை எடுத்தால் அன்று சாயங்காலமே நிம்மதியாகத் தூங்கியவர்கள் உண்டு. "எல்லாத்தையும் ஒரே தடவையில எடுத்துடுங்க டாக்டர்" என்று கெஞ்சாதீர்கள். ஒரே நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்கத் தயங்குவார்கள், அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் அதிலேயே நீர் கசியலாம் என்பதால். திரும்பத் திரும்பக் கோத்தால் சின்னக் குழாய் வைத்து வீட்டிலேயே வடிக்கவும் வழி இருக்கிறது. இது தவிர ரத்தசோகை, சளிக்காய்ச்சல், வயிற்றில் நீர் ஏறி மேலே தள்ளுவது எல்லாம் பார்க்க வேண்டியவை. திடீரென்று மூச்சு அதிகமாகி நெஞ்சு வலியோ, ஒரு கால் மட்டும் வீக்கமோ, முகமும் கழுத்தும் உப்பலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனி வீட்டு வைத்தியம். சிரிக்காதீர்கள்: ஒரு சின்ன ஃபேன் வாங்குங்கள். திருவிழாக் கடையில் பிள்ளைகள் கையில் வைத்துச் சுற்றுகிற பேட்டரி ஃபேன்தான். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தவள்தான். பிறகு பாபநாசம் பக்கத்தில் ஒரு நெல் மண்டிக்காரர். அவரிடம் மருந்து, மெஷின் எல்லாம் இருந்தும் ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கேட்டால், "இங்கதான்மா காத்து மூஞ்சில படுது" என்றார். பாடப்புத்தகம் அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது! கன்னத்திலும் மூக்கிலும் மேலுதட்டிலும் குளிர்காற்று படும்போது அங்கிருக்கிற நரம்பு மூளைக்கு "காற்று வருகிறது" என்று செய்தி சொல்கிறது, மூளையின் அவசரம் கொஞ்சம் தணிகிறது. 2010இல் இங்கிலாந்தில் 50 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் முகத்துக்கு ஃபேன், ஐந்து நிமிடம் காலுக்கு. முகத்துக்குப் பிடித்தபோதுதான் திணறல் குறைந்தது. முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்ல இந்தக் கன்னத்தில் இருந்து அந்தக் கன்னத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அவர் கையிலேயே இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் யாரையும் கூப்பிடாமல் தானே எடுக்கலாம் என்கிற தைரியம் பாதி மருந்து. பனையோலை விசிறியும் இதே வேலையைச் செய்யும், வீசுகிறவர் கைதான் ஓய்ந்துபோகும்.

ஆக்சிஜன் மெஷினுக்கு வருகிறேன். அதே 2010இல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோகாத, ஆனால் கடுமையாக மூச்சு வாங்குகிற 239 பேர். பாதிப் பேருக்குக் குழாயில் ஆக்சிஜன், மீதிப் பேருக்கு அதே குழாயில் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தேறியிருந்தது, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அப்பாவுக்கு இப்போது 96. வாடகைப் பணமும் கரன்ட் பில்லும் மிச்சம். அளவு நிஜமாகவே இறங்கினால் டாக்டரே எழுதித் தருவார், அப்போது எடுங்கள்.

பாத்ரூம் பயணத்துக்கு ஒரு யோசனை. கண்டக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு வேலை சுலபம். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். அது ஸ்டாப்பிங். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு உட்காருவதல்ல, வாங்குவதற்கு முன்பே உட்கார வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் சீட்டுக் கம்பியில் இடுப்பைச் சாய்த்து நின்று டிக்கெட் கிழித்த உடம்பு அது, சாய்ந்து நிற்க அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை ஒரு அடி முன்னால் வைத்து, தோளைத் தொங்கவிட்டு நிற்கலாம். உட்கார்ந்தால் முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னால் குனியலாம். கட்டிலில் என்றால் மேஜையில் இரண்டு தலையணை அடுக்கி அதன்மேல் கையையும் தலையையும் கவிழ்த்துக்கொள்ளலாம். கைக்கு ஊன்ற இடம் கிடைத்தால் தோள் தசைகளும் மூச்சுக்கு உதவ வரும். எழும்போதும் படியேறும்போதும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே செய்யட்டும். "நல்லா இழுத்து விடுங்க" என்று எல்லோரும் சொல்வோம், தப்பு. இழுப்பது தானாக நடக்கும். விடுவதைத்தான் நீட்ட வேண்டும், சூடான காபியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து.

தம்பி சொன்னதிலும் பாதி சரி. பயம் இருக்கிறது. மூச்சு முட்டினால் பயம் வரும், பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும், வேகமான மூச்சு மேலோட்டமாகி இன்னும் முட்டும். அதற்காக "பயப்படாதீங்கப்பா" என்று பத்துத் தடவை சொல்வதால் ஒன்றும் ஆகாது. தம்பியை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வரச் சொல்லுங்கள். பேச வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம், பதில் சொல்லவும் மூச்சு வேண்டுமே. லைட்டை மட்டாக வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கை வைத்து, தன் மூச்சை மெதுவாக, சத்தம் கேட்கிற மாதிரி விடட்டும். அப்பாவின் மூச்சு கொஞ்ச நேரத்தில் அதனோடு சேர்ந்துகொள்ளும். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நிற்பதை மட்டும் நிறுத்துங்கள்.

சிஸ்டர், அம்மாவுக்கு மூச்சுத் திணறலுக்கு மார்பின் என்கிற வலி மருந்தை எழுதியிருக்கிறார்கள். வலியே இல்லையே! "அது கடைசி மருந்து, கொடுத்தா மூச்சே நின்னுடும்" என்கிறார் பெரியப்பா. பாட்டில் ஒரு வாரமாக அலமாரியில் இருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

ஒரு வாரமா! பெரியப்பாவைக் குறை சொல்லவில்லை, அந்தப் பயம் ஊர் முழுக்க இருக்கிறது. மார்பின் வலிக்கு மட்டும் அல்ல. மூச்சு போதவில்லை என்று மூளைக்குள் அடிக்கிற மணியின் சத்தத்தை அது குறைக்கும். இதற்கு எழுதுகிற அளவு பொதுவாக வலிக்கு எழுதுவதைவிடக் குறைவாகவே இருக்கும். குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றினால் மூச்சு நின்றுபோகாது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம், குமட்டல் வரலாம், பிறகு பழகிவிடும். பழகாத ஒன்று மலச்சிக்கல். முதல் நாளே பேதி மருந்தும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டருக்குத் தெரியவேண்டும். எல்லோருக்கும் கேட்கிற மருந்து இல்லை இது, நான்கைந்து நாளில் பலன் தெரியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், தூங்கிவிட்டார் என்று பயந்து குறைக்கவும் வேண்டாம். எழுப்பவே முடியாத தூக்கம் என்றால் மட்டும் உடனே கூப்பிடுங்கள்.

இந்த மருந்துக்கு அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் வைத்திருப்பதே ஆஸ்பத்திரிகளுக்குத் தலைவலியாக இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்திச் சுலபமாக்கினார்கள். இருந்தும் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. மாவட்ட அரசு மருத்துவமனையில் வலிநிவாரணப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற செவிலியர்களும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்தால் போதும்.

ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் அறையில்தான் சாமி படம். விளக்கு ஏற்றலாமா? மூக்கு காய்ந்துபோகிறது, தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகி, கும்பகோணம்

இரண்டும் கூடாது. விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், தாத்தாவின் பீடி எதுவும் அந்த அறையில் வேண்டாம். ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் சின்னப் பொறியும் குப்பென்று பிடிக்கும். சாமியை வேறு அறைக்கு மாற்றுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். மூக்குக்கு எண்ணெயும் வேண்டாம், வாசலினும் வேண்டாம். நீரில் செய்த ஜெல் கிடைக்கும், அது போதும்.

சிஸ்டர், எனக்கு 46 வயது. மார்பகப் புற்றுநோய், இப்போது நுரையீரலுக்கு வந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் கேட்க முடியாததை உங்களிடம் கேட்கிறேன். நான் மூச்சுத் திணறித்தான் சாவேனா? மற்றபடி சமாளிக்கிறேன். பூ கட்டி விற்கிற வீடு எங்களுடையது. வேடிக்கை என்னவென்றால், பூ கட்டும்போது மட்டும் மூச்சு வாங்குவதே இல்லை.
– பெயர் வேண்டாம், திருச்சி

கேட்டது நல்லது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கடைசி நாட்களில் மூச்சு மாறும். நான் உடன் இருந்த பெரும்பாலானவர்களுக்குத் தூக்கம் கூடிக்கொண்டே போய், மூச்சு மேலோட்டமாகி, நடுநடுவே இடைவெளி விழுந்து, அப்படியே ஓய்ந்தது. சிலருக்குத் திணறல் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வாயால் விழுங்க முடியாத நிலையிலும் தோலுக்கடியில் ஊசியாக மார்பினும் பதற்றம் தணிக்கும் மருந்தும் கொடுக்க முடியும். அவை தயாராக இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வித்தியாசத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். ராத்திரியில் மூச்சு கூடினால் எந்த நம்பருக்குப் போன் செய்வது? எந்த மருந்தை வீட்டிலேயே வைத்திருப்பது? அதை யார் போடுவது? உங்கள் வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள். அவரும் இதே கேள்வியைத்தான் உங்களிடம் கேட்காமல் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கடைசியில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், விழுங்க முடியாமல் தேங்குகிற எச்சில் அது. கேட்கிறவருக்குத்தான் கொடுமை, ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால் குறையும். அப்போது வாயில் பால் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழலுக்குள் போகும். ஊற்றாமல் விட மனசு கேட்காது, தெரியும். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாலே பால் கொடுத்ததுதான்.

பூ விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வேடிக்கை என்று எழுதியதைப் படித்துவிட்டு, நூலை எடுத்து நானே கட்டுகிற மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். முதுகு முன்னால் சாய்கிறது, முழங்கை இரண்டும் தொடையில் ஊன்றுகிறது, தோள் இறங்குகிறது. மேலே கண்டக்டர் அப்பாவுக்கு நான் சொன்ன அதே இருப்பு. போதாததற்குக் கண்ணும் கையும் பூவில் இருக்கிறது, மூச்சை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஒன்று மட்டும், தரையில் உட்கார்ந்து கட்டாதீர்கள், எழும்போது வாங்கும். கை வைக்காத நாற்காலி ஒன்று, முன்னால் பூக்கூடைக்கு ஒரு ஸ்டூல். கூடையை வேறு யாராவது தூக்கி வைக்கட்டும். மல்லி வாசனை சில நேரம் நெஞ்சை அடைக்கும், அப்படி இருக்கிற நாளில் கனகாம்பரம் கட்டுங்கள்.