பதில்: அம்மாவுக்கு வெரிகோஸ் வெயின், துணிக்கடை வேலை

வணக்கம் தம்பி. துணிக்கடையில் நின்றே வேலை பார்க்கும் அம்மாவுக்கு வெரிகோஸ் வெயின் (கால் நரம்பு சுருண்டு புடைப்பது) இருக்கிறது, வேலையை விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் "உயிருக்கு ஆபத்தில்லை" என்றது சரிதான். ஆனால் சாயங்காலமானால் கால் கனத்து, ராத்திரி கெண்டைக்கால் இழுத்து, தூக்கம் கெட்டு, கல்யாண வீட்டுக்குக்கூட வர மறுக்கிறார் என்கிறீர்களே, அதுவும் இந்த நோயின் பாதிப்புதான். இதை அளக்கவே 'சிவிக்' என்று 20 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. வலியோடு தூக்கம், வெளியே போய்வருவது, மனநிலை எல்லாம் அதில் வரும். அதனால் டாக்டரிடம் வலியை மட்டும் சொல்லாமல் இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பெண்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

எனக்கு உறுத்துவது, கணுக்கால் உள்பக்கம் கறுத்து அரிக்கிறது என்ற வரி. புண் வருவதும் பெரும்பாலும் அங்கேதான். சொறிய விடாதீர்கள். வாஸ்குலர் சர்ஜனிடம் (ரத்தக்குழாய் அறுவை மருத்துவர்) காட்டி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். ரத்தம் பின்னோக்கி வழிவது அதில் தெரிந்தால் லேசர் போன்ற சிகிச்சைகள் உண்டு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இதற்கென்று காலில் போடும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸைக் (நீளக் காலுறை) கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். தமனியில் (காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைப்பிருந்தால் அதுவே கெடுதல்.

வேலையை விடத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021 சட்டத் திருத்தப்படி கடை ஊழியர்களுக்கு இருக்கை தந்தே ஆகவேண்டும். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கட்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.